பேஸ் கிதாரும் கை வலியும்

பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு வாரமே இருக்கிறது. மாணவர் விடுதியின் கூடத்தில் இசைக்குழு ஒன்று மாலைதோறும் ஒத்திகை நடத்துகிறது. டிரம் முழங்குகிறது, இரண்டு கிதார்கள் ஒலிக்கின்றன. பேஸ் கிதார் மீட்டும் மாணவன் மட்டும் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் வலக்கையை உதறிக்கொள்கிறான். கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே உள்ள தசை கல்லைப்போல் இறுகியிருக்கிறது. மூன்றாம் பாட்டின் நடுவில், தந்தியை மீட்டும் பிக் அவன் விரல்களிலிருந்து நழுவி விழுகிறது. "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று உடனிருப்போர் தேற்றுகின்றனர்.

சரியாகாமலும் போகலாம். இசைக் கருவியை வாசிப்பவருக்கு ஏற்படும் வலி, மன உறுதி குறைந்தோரின் புகார் அன்று. அமெரிக்க சிம்பொனி இசைக்குழுக்களைச் சேர்ந்த 2,212 கலைஞர்களிடம் நடத்தி 1988-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 76 விழுக்காட்டினர் தம் வாசிப்பைப் பாதிக்கும் அளவுக்குக் கடுமையான உடற்கோளாறு ஒன்றேனும் தமக்கு உண்டு என்று தெரிவித்தனர். இவர்கள் பல்லாண்டு பயின்று தேர்ந்தவர்கள். அவர்களுக்கே இந்நிலை என்றால், ஆசிரியரின்றித் தாமே பழகும் இளைஞர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஷில்லாங், ஐஸால் போன்ற மலை நகரங்களிலும், கொல்கத்தா, மும்பை போன்ற பெருநகரங்களிலும் இன்று பல இளைஞர்கள் பேஸ் கிதார் பயில்கின்றனர். அவர்களுள் ஒருவன் கை வலியைப் பற்றி முதலில் சொல்வது ஆசிரியரிடமாகவோ, அவ்வழி வரும் சுகாதாரப் பணியாளரிடமாகவோ இருக்கக் கூடும். அவனுக்கு அவர்கள் என்ன சொல்லலாம்? அதனை அறிய, முதலில் அந்த வாத்தியம் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைக் காண்போம்.

வாத்தியத்தின் வரலாறு

மேனாட்டு நடன இசைக்குழுக்களில் தாழ்ந்த சுரங்களை ஒலிக்க, ஆளுயரத்தையும் மிஞ்சும் டபிள் பேஸ் என்னும் பெரிய வாத்தியம் வழங்கி வந்தது. டிரம்மும் ஊதுகருவிகளும் எழுப்பும் பேரொலியில் அதன் ஒலி அடங்கிவிடும். எனவே அதனை வாசிப்போர் தடித்த தந்திகளை முழு வலிமையுடன் இழுத்து விடுவர். கலிபோர்னியா மாநிலத்தின் புல்லர்டன் நகரில் வானொலி பழுது பார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் என்பவர், 1951-ஆம் ஆண்டில் இக்குறையைத் தீர்க்க மின்சார பேஸ் கிதார் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வீணையின் மெட்டுகளைப் போன்ற உலோக மெட்டுகள் அதில் பதித்திருந்தமையால் சுரம் பிசகாமல் ஒலித்தது. அதனாலேயே அதற்குத் துல்லியம் என்று பொருள்படும் 'பிரிஸிஷன் பேஸ்' என்ற பெயரை இட்டார்.

இவ்வாத்தியத்தில் மரப்பெட்டி ஒலியைப் பெருக்குவதில்லை. எஃகுத் தந்திகளின் கீழே காந்தமும், அதனைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் உள்ளன. இதற்குப் பிக்கப் என்று பெயர். தந்தி அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது. மாறும் புலம் கம்பிச் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் என்னும் தத்துவமே இது. பிறந்த மின்னோட்டம் மிகச் சிறியது. அதனை ஆம்ப்ளிபயர் பன்மடங்கு பெருக்கி, கூடம் அதிரும் ஒலியாக வெளியிடுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒலியின் வலிமை ஆம்ப்ளிபயரிலிருந்து வருகிறது. கை கொடுக்க வேண்டியது ஒரு சைகை மட்டுமே. தந்தியின் அசைவைப் பாதியாகக் குறைத்தால் பிக்கப்பில் தோன்றும் மின்னழுத்தமும் ஏறக்குறையப் பாதியாகும். ஆம்ப்ளிபயரின் திருகைச் சற்றே திருப்பினால் அந்த இழப்பு ஈடாகிவிடும். ஆயினும் டிரம்மின் முழக்கத்தில் தன் வாத்தியத்தின் ஒலி காதில் விழாத இளைஞன் திருகைத் தொடுவதில்லை, கையை இறுக்குகிறான். ஆம்ப்ளிபயர் செய்ய வேண்டிய வேலையைக் கை மேற்கொள்கிறது. பிக் கொண்டு மீட்டுவோரின் கை வலிக்குப் பெரும்பாலும் இதுவே வேர்.

அணியும் கருவியும் பிடிக்கும் கருவியும்

தந்தியை மீட்டும் கருவிகள் இரு வகைப்படும். சிதார் வாசிப்போரின் மிஸ்ராப் ஆட்காட்டி விரலில் அணியும் கம்பி வளையம். அது விரலிலேயே பொருந்தி நிற்பதால், அதனைத் தாங்க வேறு விரலின் துணை வேண்டுவதில்லை. சரோத் வாசிப்போர் தேங்காய்ச் சிரட்டையில் செய்த துண்டை விரல்களுக்கிடையே பிடித்து மீட்டுகின்றனர். கிதாரின் பிக் இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தது. நைலான், செல்லுலாய்டு போன்ற பொருள்களில் செய்த முக்கோண வடிவச் சிறு தகடு அது. கட்டை விரல் நுனியின் உட்பக்கத்துக்கும் ஆட்காட்டி விரலின் பக்கத்துக்கும் இடையே அதனை ஓயாமல் பிடித்திருக்க வேண்டும். அணியும் கருவியில் இல்லாத பிடிவிசை, பிடிக்கும் கருவியில் இன்றியமையாதது ஆகிறது.

இதனால் பிக் தீங்கானது என்று கொள்ளலாகாது. 1960-ஆம் ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் புகழ்பெற்ற கரோல் கே என்னும் அம்மையார் பிக் கொண்டே பேஸ் கிதார் மீட்டியவர். மிகப் பல இசைத்தட்டுகளில் அவருடைய வாசிப்பு உள்ளது. தீங்கு பிக்கில் இல்லை. அதனைப் பிடிக்கும் முறையில் உள்ளது.

கையின் அமைப்பு

ஆசிரியர் தம் வலது முன்கையின் மேல் இடக்கையை வைத்துக்கொண்டு, வலக்கை விரல்களை மடக்கி நீட்டிப் பார்க்கட்டும். முழங்கைக்குக் கீழே தசைகள் நெளிவதை உணரலாம். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் உள்ளன. தசைநாண்கள் என்னும் நீண்ட கயிறுகளின் வழியே அவை விரல்களை இழுக்கின்றன. இவற்றுள் ஒன்பது தசைநாண்களும், அவற்றோடு ஒரு பெரிய நரம்பும், மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்புகளுக்கும் உறுதியான நார்ப்பட்டைக்கும் இடையே உள்ள குறுகிய சுரங்கத்தின் வழியே செல்கின்றன. மணிக்கட்டை மடக்கினால் இச்சுரங்கத்தில் அழுத்தம் உயர்கிறது. மடக்கிய மணிக்கட்டுடன் விரல்களையும் இறுக்கிப் பிடிப்பவர் அந்நரம்பை நாள்தோறும் நசுக்குகிறார் எனலாம்.

கட்டை விரலின் நிலை இன்னும் கடினமானது. நுனியில் ஒரு கிலோகிராம் விசையுடன் எதையேனும் கிள்ளிப் பிடித்தால், அவ்விரலின் அடிமூட்டில் ஏறத்தாழ 12 கிலோகிராம் விசை அழுத்துகிறது என்று 1977-ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. பிடியில் வீணாகும் ஒவ்வொரு கிராமும் மூட்டில் பன்மடங்காகப் பெருகுகிறது என்பது இதனால் விளங்கும்.

மேலும், சுருங்கி விரியும் தசையில் இரத்தம் தாராளமாகப் பாயும். இடைவிடாது சுருங்கியே இருக்கும் தசையில் இரத்தக் குழாய்கள் நெருக்குண்டு ஓட்டம் குறையும். இசைக் குறிப்புகளுக்கிடையே கூட பிடியைத் தளர்த்தாதவருக்குத் தசை விரைவில் களைத்து வலிக்கத் தொடங்குவது இதனால்தான்.

ஒரு சிறு கணக்கு

பேஸ் கிதாரின் நான்கு தந்திகளுள் மிகத் தாழ்ந்த சுரமுடையது நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அதிரும் நீளம் 34 அங்குலம், அதாவது 86.4 சென்டிமீட்டர். அதன் இழுவிசை ஏறக்குறைய 18 கிலோகிராம் எடைக்குச் சமம். நான்கு தந்திகளும் சேர்ந்து வாத்தியத்தின் கழுத்தை 70 கிலோகிராமுக்கு மேற்பட்ட விசையுடன் இழுக்கின்றன. வளர்ந்த மனிதர் ஒருவர் அதில் தொங்குவதைப் போன்றது இது.

இத்தகைய தந்தியைப் பக்கவாட்டில் 3 மில்லிமீட்டர் விலக்க எவ்வளவு விசை வேண்டும்? இழுவிசையை விலகலால் பெருக்கி, மீட்டும் இடத்துக்கு இருபுறமும் உள்ள நீளங்களால் தனித்தனியே வகுத்துக் கூட்டினால் விடை கிடைக்கும். வீணையில் குதிரை எனப்படும் உறுப்பு கிதாரில் பிரிட்ஜ் எனப்படுகிறது. பிரிட்ஜிலிருந்து 10 சென்டிமீட்டர் தொலைவில் மீட்டினால் ஏறத்தாழ 610 கிராம் விசை வேண்டும். 20 சென்டிமீட்டர் தொலைவில் மீட்டினால் 350 கிராம் போதும். ஓர் அங்குலத் தொலைவும் நடக்காமல், கையை 10 சென்டிமீட்டர் நகர்த்துவதாலேயே விசை ஏறக்குறையப் பாதியாகிறது. அடிச்சுரத்தின் வலிமை இதனால் குறைவதில்லை. மேற்சுரங்கள் சற்று அடங்கி, ஒலி மென்மை பெறும்.

அடுத்து பிக்கைக் கவனிப்போம். விரல்களுக்கு வெளியே நீண்டிருக்கும் பகுதி ஒரு நெம்புகோல். தந்தி அதன் முனையைத் தள்ளும்போது பிக் விரல்களுக்கிடையே சுழலப் பார்க்கிறது. அதனைத் தடுக்கவே நாம் இறுக்குகிறோம். 10 மில்லிமீட்டர் நீண்டிருக்கும் பிக்கை 5 மில்லிமீட்டர் நீளுமாறு பிடித்தால் திருப்புத்திறன் பாதியாகும். இவ்விரு மாற்றங்களையும் சேர்த்துச் செய்தால், விரல்கள் தாங்க வேண்டிய திருப்புத்திறன் முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்துவிடுகிறது.

பள்ளியின் பௌதிக ஆய்வகத்திலுள்ள சோனாமீட்டரைக் கொண்டு இதனை மாணவர்களுக்குக் காட்டலாம். ஒரு மீட்டர் நீளக் கம்பியில் 4 கிலோகிராம் எடையைத் தொங்கவிடுக. சுருள்வில் தராசின் கொக்கியைக் கம்பியில் மாட்டி, 3 மில்லிமீட்டர் விலகும் வரை இழுக்க. முனையிலிருந்து 10 சென்டிமீட்டரில் தராசு 130 கிராம் அளவிலும், 20 சென்டிமீட்டரில் 75 கிராம் அளவிலும் காட்டும்.

ஒரு முறை மீட்டுவதில் சில நூறு கிராம் பெரிதா என்று கேட்கலாம். நிமிடத்துக்கு 180 தாள அடிகள் கொண்ட விரைந்த பாட்டில், ஓர் அடிக்கு இரண்டு வீதம் நிமிடத்துக்கு 360 முறை தந்தியை மீட்ட வேண்டும். மூன்று நிமிடப் பாட்டில் இது 1,080. பத்துப் பாட்டு ஒத்திகை பார்த்தால் பதினாயிரத்தைக் கடந்துவிடும்.

வலிக்கும் இடமும் அதன் பொருளும்

வலி தோன்றும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டச் சொல்வது பயனுள்ள முதற்படி.

கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே உள்ள சதைப்பகுதியில் வலி இருந்தால், இறுக்கமான பிடியால் தசை களைத்திருக்கிறது என்று கொள்ளலாம். ஓய்வில் இது பெரும்பாலும் நீங்கும்.

கட்டை விரல் பக்கத்து மணிக்கட்டில் வலித்து, கட்டை விரலை உள்ளங்கையில் மடக்கி மணிக்கட்டைச் சுண்டு விரல் பக்கம் சாய்க்கும்போது வலி மிகுந்தால், அங்குள்ள தசைநாண்களின் உறை தடித்திருக்கலாம். சுவிட்ஸர்லாந்து அறுவை மருத்துவர் ஃப்ரிட்ஸ் டி கெர்வேன் 1895-ஆம் ஆண்டில் விவரித்த நோய் இது.

கட்டை விரல், ஆட்காட்டி விரல், நடு விரல் ஆகியவை மரத்துப்போய், இரவில் தூக்கத்தைக் கலைத்தால், மணிக்கட்டுச் சுரங்கத்தில் நரம்பு நெருக்குண்டிருக்கக் கூடும். சுண்டு விரலும் மோதிர விரலின் ஒரு பாதியும் மரத்தால், முழங்கையின் உட்புறமாகச் செல்லும் வேறொரு நரம்பு வருந்துகிறது எனலாம். முழங்கையை நெடுநேரம் மடக்கி வைத்திருப்பது இதற்கு ஒரு காரணம்.

முழங்கையின் வெளிப்புறத்தில் வலித்தால், மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகள் எலும்பில் பற்றுமிடம் நைந்திருக்கலாம். மணிக்கட்டை விறைத்துக்கொண்டு முழுக் கையையும் வீசி மீட்டுவோரிடம் இது காணப்படுகிறது.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, ஆம்ப்ளிபயரைச் சரி செய்க. ஒலிபெருக்கி வாசிப்பவனின் காலை நோக்கி இருந்தால் அவன் காதுக்கு ஒலி எட்டாது. அதனைச் சாய்த்தோ உயர்த்தியோ வைத்துக் காதை நோக்கச் செய்க. பின்னர் திருகை உயர்த்தி, கையின் விசையைப் பாதியாகக் குறைத்து மீட்டுக. எல்லோரும் போட்டியிட்டு ஒலியை உயர்த்தினால் காதுக்குக் கேடு வரும்; ஆகவே குழு முழுவதும் அடக்கி வாசிக்கப் பழகுவதே சிறந்தது.

இரண்டாவதாக, தேவையான பிடி எவ்வளவு என்று கண்டறிக. மெதுவான தாளத்தில் மீட்டிக்கொண்டே பிடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். ஒரு கட்டத்தில் பிக் நழுவி விழும். அதற்குச் சற்று முன்பிருந்த பிடியே உண்மையில் வேண்டிய பிடி. பெரும்பாலோர் இதைவிட மிக அதிகமாக இறுக்கியிருந்தமையை அறிந்து வியப்பர். நாள்தோறும் பயிற்சியின் தொடக்கத்தில் இச்சோதனையைச் செய்யலாம்.

மூன்றாவதாக, பிக்கைப் பொறுக்குக. மிக மெல்லிய பிக் தடித்த தந்தியின் முன் வளைந்துவிடும்; வளைவதை ஈடு செய்யக் கை மேலும் இறுகும். 0.7 முதல் 1 மில்லிமீட்டர் வரை தடிப்புள்ளதும், பரப்பு அகன்றதும், பிடிக்குமிடம் சொரசொரப்பானதும் ஆகிய பிக் பலருக்கு ஏற்றதாக உள்ளது. வியர்வை மிகும் கைக்குச் சொரசொரப்பு இன்றியமையாதது.

நான்காவதாக, கையின் நிலையைத் திருத்துக. உட்கார்ந்திருக்கும்போது வாத்தியம் எந்த உயரத்தில் உள்ளதோ, நிற்கும்போதும் அதே உயரத்தில் இருக்குமாறு தோள்வாரின் நீளத்தை அமைக்க வேண்டும். வாத்தியம் தொடை வரை தாழ்ந்து தொங்கினால் இரு மணிக்கட்டுகளும் மடங்கும். வாத்தியத்தின் எடை 4 கிலோகிராம் அளவில் இருக்கும் ஆதலால் தோள்வார் அகலமாக இருத்தல் நலம். முன்கையை வாத்தியத்தின் விளிம்பில் அழுத்தி வைக்கலாகாது. முதலில் கூரிய விளிம்புடன் வந்த பிரிஸிஷன் பேஸின் உடலை 1954-ஆம் ஆண்டில் கைக்கும் மார்புக்கும் இசைவாகச் சரித்துச் செதுக்கியமை இங்கு நினைக்கத் தக்கது.

ஐந்தாவதாக, கீழ்நோக்கியும் மேல்நோக்கியும் மாறி மாறி மீட்டுக. கீழ்நோக்கி மட்டும் மீட்டினால், ஒவ்வொரு முறையும் கை வெறுமையாக மேலே திரும்ப வேண்டும். அதே சுரங்களுக்குக் கை இருமடங்கு அசைய நேரிடும். சில பாட்டுகளுக்குக் கீழ்நோக்கிய மீட்டல் தரும் அழுத்தம் தேவைதான். அதனை அப்பாட்டுகளோடு நிறுத்திக்கொள்வது நன்று.

ஆறாவதாக, தந்திகளை இலகுவாக்குக. இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்தில் உள்ளது. ஆகவே அரைச் சுரம் தாழ்த்திச் சுருதி கூட்டினால் இழுவிசை ஏறத்தாழ 11 விழுக்காடு குறையும். சிறு கையுடைய மாணவர்களுக்கு 30 அங்குல நீளமுள்ள குட்டை வாத்தியம் ஏற்றது. அதே தந்தியில் அதே சுருதிக்கு இழுவிசை 22 விழுக்காடு குறைவாக இருக்கும்.

ஏழாவதாக, ஓய்வு கொடுக்க. 25 நிமிடம் வாசித்தால் 5 நிமிடம் கையைத் தொங்கவிட்டு இருக்க வேண்டும். மலை நகரங்களில் குளிர்கால மாலையில் விறைத்த கையுடன் விரைந்த பாட்டைத் தொடங்கலாகாது. வெதுவெதுப்பான நீரில் கையை நனைத்துத் துடைத்த பின், மெதுவான பாட்டில் தொடங்க வேண்டும். விழா நெருங்குகிறது என்பதற்காகப் பயிற்சி நேரத்தைத் திடீரென இரட்டிப்பதே பல காயங்களுக்குத் தொடக்கம்.

மருத்துவரிடம் செல்ல வேண்டிய நேரம்

வாசித்து நிறுத்திய சிறிது நேரத்தில் நீங்கும் களைப்பைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மறுநாளும் வலி நீடித்தால், வாசிப்பை உடனே குறைக்க வேண்டும். மரத்துப்போதல், இரவு வலி, வீக்கம், பொருள்களைக் கை தவறவிடுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் மருத்துவரிடம் அனுப்புக. வலியின்றியே விரல் தானாக மடங்குவதும், நன்கு பழகிய அசைவு திடீரெனக் கைக்கு வராமற்போவதும் நரம்பு மண்டலத்தைச் சார்ந்த வேறொரு கோளாறின் அறிகுறியாகலாம். அதிகப் பயிற்சி அதனைத் தீர்க்காது, மேலும் கெடுக்கக் கூடும். வலி மாத்திரையை விழுங்கிவிட்டு மேடையேறும் பழக்கத்தை ஆசிரியர் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். வலியை அடக்கினால் எச்சரிக்கை மறையுமேயன்றிக் காயம் ஆறாது.

பிற தொழில்களுக்கும் பொருந்தும்

தொழில் நோய் மருத்துவத்தின் தந்தை எனப்படும் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸினி, தம் நூலின் 1713-ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களின் கை நோயை விவரித்தார். வாழ்நாள் முழுவதும் எழுதியே பிழைத்த ஒருவரின் வலக்கை செயலிழந்தது. அவர் இடக்கையால் எழுதப் பழகினார். சில காலத்தில் அக்கையையும் அதே நோய் பற்றியது. கையை மாற்றியவர் முறையை மாற்றவில்லை.

பேஸ் கிதார் மீட்டும் மாணவனுக்குச் சொல்லிய உண்மை, எழுதுகோலை இறுக்கிப் பிடிக்கும் எழுத்தருக்கும், பீடி சுற்றுவோருக்கும், ஊசியால் பூவேலை செய்வோருக்கும், கரும்பலகையில் நாள் முழுவதும் எழுதும் ஆசிரியருக்கும் பொருந்தும். களப்பணியாளர் இத்தகையோரைக் காணும்போது, வேலை செய்யும் நிலையிலேயே அவர்களுடைய கையைச் சிறிது நேரம் கவனிப்பாராக. நகக்கண் வெளுத்திருக்கிறதா, மணிக்கட்டு மடங்கியிருக்கிறதா, வேலைக்கு நடுவே பிடி ஒருமுறையேனும் தளர்கிறதா என்று பார்த்தால், எங்கே திருத்தம் வேண்டும் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். விடுதிக் கூடத்து மாணவனுக்கும் விழாவுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. ஒலிபெருக்கியைக் காதை நோக்கித் திருப்பி, பிக்கைச் சற்று உள்ளே தள்ளிப் பிடிப்பதற்கு அது தாராளமான காலம்.